நாக்சொன்ஜே முற்றத்து மருமகள்

தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதை ஒரு பெண் நாளிதழைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டாள். 1916 ஆகஸ்ட் மாதம், ஜப்பானின் ஓயிசோ கடற்கரையில் குடும்பத்தின் கோடை மாளிகை. பதினான்கு வயது மசாகோ, அரச குலத்தின் கிளையான நாஷிமோதோ குடும்பத்தின் மூத்த மகள். கொரியாவின் பட்டத்து இளவரசர் யி உன்னுக்கு அவளைக் கொடுக்கப்போவதாகப் படத்தோடு செய்தி வந்திருந்தது. தங்கள் மகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பெற்றவர்கள் தள்ளிப்போட்டிருந்தார்கள். பத்திரிகை முந்திக்கொண்டது.

காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது என் வேலை. அரண்மனைக் கதைகளில் எனக்குப் பெரிய நாட்டமில்லை. ஆசியாவில் சிறப்புப் பள்ளிகள் எப்படித் தொடங்கின என்று படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பெண்மணியின் பெயர் எதிர்ப்பட்டது. பிறகு விட முடியவில்லை. கொரியாவில் அவரை யி பாங்ஜா என்கிறார்கள். அவரைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படும் இரண்டு கதைகளில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் கதை ஜப்பானிய அரசு சொன்னது: இந்தத் திருமணம் இரு நாட்டு நல்லிணக்கத்தின் அடையாளம். இது பச்சைப் பொய். 1910இல் கொரியாவை விழுங்கிய நாடு, அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பத்து வயது யி உன்னைப் படிக்க வைப்பதாகச் சொல்லி டோக்கியோவுக்குக் கொண்டுபோய்விட்டது. 1911இல் தாயார் இறந்த பிறகுதான் அந்தச் சிறுவனால் சொந்த மண்ணை மிதிக்க முடிந்தது. அவனுக்கு ஜப்பானிய ராணுவச் சீருடை மாட்டினார்கள். பிறகு ஜப்பானியப் பெண்ணையும் கட்டிவைக்க முடிவு செய்தார்கள். ஜப்பானிய அரச குலப் பெண் கொரிய அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட அன்றைய சட்டத்தில் இடமில்லை. அதற்காகவே 1918இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிணைக்கைதிக்குப் பெண் கொடுப்பதை நல்லிணக்கம் என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள்.

யி உன்னுக்கு ஊரில் ஏற்கெனவே பெண் நிச்சயம் செய்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மின் காப்வான் என்ற அந்தப் பெண் வருடக்கணக்கில் காத்திருந்தார். நிச்சயத்தை முறித்து மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் ஷாங்காய்க்குப் போய்ப் பல காலம் வாழ்ந்து, கடைசிவரை மணமாகாமலே 1968இல் இறந்தார். அவருடைய துயரத்தில் மசாகோவுக்குப் பங்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு, மசாகோவின் வயதைத் திரும்பிப் பார்க்கச் சொல்வேன்.

இரண்டாவது கதை கொரியத் தெருக்களில் உலவியது: அவள் எதிரி வீட்டுப் பெண், அரச வம்சத்தை முடித்துவைக்க அனுப்பப்பட்டவள். அவளுக்குக் குழந்தை பிறக்காது என்று மருத்துவர்கள் சொன்னதால்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பேச்சு வெகு காலம் இருந்தது. அந்தக் கோபத்தின் வேரை நான் குறை சொல்லமாட்டேன். 1919 ஜனவரியில் திருமணத்துக்குச் சில நாட்கள் முன்பு முன்னாள் பேரரசர் கோஜோங், யி உன்னின் தந்தை, திடீரென்று இறந்தார். நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று நாடே நம்பியது. மார்ச் முதல் தேதி விடுதலை முழக்கம் வெடித்தது, அதை ஜப்பான் ரத்தத்தில் அடக்கியது. தள்ளிப்போன திருமணம் 1920 ஏப்ரல் 28 அன்று டோக்கியோவில் நடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வந்த மருமகளை எந்த ஊர் ஆரத்தி எடுத்து வரவேற்கும்?

ஆனால் மலடி என்று பேசப்பட்டவருக்கு 1921 ஆகஸ்டில் ஜின் என்ற ஆண் குழந்தை பிறந்தது. மறு வருடம் வசந்தத்தில் எட்டு மாதக் குழந்தையோடு புகுந்த வீட்டுக்கு வந்தார்கள். சியோலில் கொரிய அரச முறைப்படி சடங்குகள் நடந்தன. ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில் குழந்தைக்கு உடம்புக்கு வந்தது. மே 11 அன்று தொக்சுகுங் அரண்மனையில் இறந்தான். விஷமா, வயிற்றுக் கோளாறா என்பது இன்றுவரை தீராத கேள்வி. தாய்க்குச் சந்தேகம் இருந்தது. மாமனாரைக் கொன்றது ஜப்பானியர்கள் என்று நம்பியவர்கள், ஜப்பானிய ரத்தம் கலந்த பேரனைப் பழிவாங்கிவிட்டார்களோ என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நினைப்போடு குழந்தையை அந்த மண்ணில் புதைத்துவிட்டுக் கப்பலேறினார். அப்போது அவருக்கு இருபது வயது. இரண்டாவது மகன் கூ பிறக்க 1931 டிசம்பர் வரை ஆனது.

1945க்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். போரில் தோற்ற ஜப்பானில் அரச பட்டங்கள் பறிபோயின. பிறந்த வீட்டில் தந்தை நாஷிமோதோ போர்க்குற்றச் சந்தேகத்தில் கைதாகிப் பிறகு விடுதலையானார். யி உன் ஜப்பானில் அந்நியர், விடுதலை பெற்ற கொரியாவிலோ அதிபர் சிங்மன் ரீ அவர்களை உள்ளே விடவில்லை. இரண்டு நாடுகளுக்காகவும் கட்டிவைக்கப்பட்ட தம்பதிக்கு இரண்டு நாடுகளும் இல்லை. வாழ்ந்த மாளிகையை விற்றார்கள். அது 1955இல் அகாசகா பிரின்ஸ் ஹோட்டலாகத் திறந்தது. இன்று அந்தக் கட்டடத்தில் பிறர் கல்யாண விருந்து நடத்துகிறார்கள்.

1963 நவம்பரில்தான் கொரியா அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பக்கவாதத்தால் நினைவு மங்கிய யி உன் விமான நிலையத்திலிருந்து நேரே மருத்துவமனைக்குப் போனார். 1970இல் இறந்தார். அறுபத்தெட்டு வயதில் பாங்ஜா விதவை. ஜப்பானுக்குத் திரும்ப அவருக்குத் தடை ஏதுமில்லை. அங்கே உறவு இருந்தது, பெரியப்பா மகள் நாகாகோதான் ஜப்பானின் பேரரசி. அவர் போகவில்லை. கொரியக் குடியுரிமையோடு சாங்தொக்குங் அரண்மனை வளாகத்தின் நாக்சொன்ஜே வீட்டிலேயே இருந்தார். அரண்மனைக் கட்டடங்களின் வண்ணப் பூச்சு இல்லாத, வெறும் மரம் தெரியும் வீடு அது.

அங்கிருந்துகொண்டு அவர் செய்த வேலை எனக்குத் தெரிந்த வேலை. காது கேளாதவர்களுக்கும் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்களுக்கும் மியோங்விவொன் என்ற நிறுவனத்தைக் கணவரின் புனைபெயரில் தொடங்கினார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகச் சூவொன் நகரில் ஜாஹே பள்ளியைத் தொடங்கினார். குறையுள்ள பிள்ளையை வெளியே காட்டுவதே அவமானம் என்று பல குடும்பங்கள் மறைத்துவைத்த காலம். பணத்துக்கு அவர் தன் கையை நம்பினார். உலோகத்தின் மேல் கண்ணாடி வண்ணப் பொடி இட்டுச் சுட்டெடுக்கும் சில்போ வேலையில் நகைகளும் தட்டுகளும் செய்தார். தூரிகை எழுத்தும் ஓவியமும் விற்றார். பழைய அரண்மனை உடைகளை வெளிநாடுகளில் காட்சிக்கு வைத்து நிதி திரட்டினார். ஒரு சிறப்புப் பள்ளியை ஒரு மாதம் நடத்த என்ன பாடு என்று எனக்குத் தெரியும். எழுபது வயதுக்கு மேல் அதைச் செய்தவரை நல்லிணக்கச் சின்னம், எதிரி வீட்டுப் பெண் என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட்டு மூடுவது அநியாயம்.

அதே முற்றத்தில் அவருடைய நாத்தனார் தொக்ஹேயும் இருந்தார். கோஜோங்கின் செல்ல மகள். 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டு, மனநலம் குன்றிய நிலையிலேயே 1931இல் சூஷிமா தீவுப் பிரபுவுக்கு மணமுடிக்கப்பட்டவர். நோய் தொடங்கியபோது டோக்கியோவில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது அண்ணி பாங்ஜாதான். மண முறிவு, ஒரே மகளின் மறைவு, மனநல மருத்துவமனையில் நீண்ட வருடங்கள் என எல்லாம் கடந்து 1962இல் தொக்ஹே கொரியா திரும்பினார். 2016இல் அவரைப் பற்றி எடுத்த படத்தைக் கொரியத் தொடர் பார்க்கும் நம் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பார்கள், அழுதிருப்பார்கள். அழ வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குக் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு அழுகிறவர்கள், அதே அரசு அதே கணக்கில் எதிர்த்திசையில் கொடுத்த பெண்ணுக்கும் அழ வேண்டாமா? 1989 ஏப்ரல் 21 அன்று தொக்ஹே நாக்சொன்ஜேயில் இறந்தார். ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 30 அன்று, அண்ணியும் அங்கேயே போனார்.

இந்த மாதிரித் திருமணங்களில் பெண்ணின் வயிற்றை வைத்துத்தான் அரசியல் நடக்கிறது. வாரிசு பிறந்தாலும் பழி, பிறக்காவிட்டாலும் பழி. பாங்ஜாவின் மகன் கூ அமெரிக்காவில் கட்டடக் கலை படித்து, ஜூலியா முல்லக் என்ற அமெரிக்கப் பெண்ணை விரும்பி மணந்தார். அந்த மருமகளும் நாக்சொன்ஜேக்கு வந்து வாழ்ந்தார். வாரிசு இல்லை என்ற குலத்தாரின் நெருக்கடியில் 1982இல் அந்த மண வாழ்வும் முறிந்தது. ஆள அங்கே ஒரு நாடுகூட மிஞ்சியிருக்கவில்லை. முடியாட்சி போய் எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்த எண்ணம் போகவில்லை என்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

ஜாஹே பள்ளி இன்றும் நடக்கிறது. பாங்ஜா யாருடைய இளவரசி என்று கொரியாவிலும் ஜப்பானிலும் தொடரும் வாக்குவாதத்தில், அவர் தானாகத் தேர்ந்தெடுத்துச் செய்தது அந்தப் பள்ளி வேலைதான் என்பதை எவரும் முதல் வரியில் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்கிறேன்.