அம்மாயி சேலைக்கு யார் நிறம் சொன்னது?

லுணுகலை டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஹோப்டன், அடாவத்தை பக்கத்துப் பிள்ளைகள் இப்போது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: லயத்துச் சுவரில் தொங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலராக்கித் தர வேண்டும். ஒரு தம்பி போனிலேயே செய்து கொண்டுவந்தான். அம்மாயியின் சேலை கிளிப்பச்சை. முகம் நன்றாக வெளுத்திருந்தது.

"சேலை பச்சையாடா?"

"தெரியாதுண்ணே, அதுவாப் போட்டுச்சு."

எனக்கு இது பிடிக்கவில்லை. ஒற்றை நிறப் படத்தில் பதிவது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. கடுஞ்சிவப்பும் கடும்பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். 1870களின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடித்தன. சிவப்பு, மஞ்சள் எல்லாம் கறுத்துவிடும், நம் தோலும்தான். 1875இல் இலங்கைக்கு வந்த படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் தோட்டத் தமிழரை எடுத்ததும் அந்தத் தகட்டில்தான். அதில் பலருக்குத் தலைப்பில் பெயர்கூட இல்லை.

நம் வீட்டுப் படங்களுக்கும் அந்தக் கதிதான் வரப்போகிறது. நம் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, பாஸ்போட்டுக்கென்று எடுத்த படங்கள் எத்தனை! போனவர் யார், இருந்தவர் யார் என்று சொல்ல இன்னும் சில பெரியவர்களே மிச்சம்.

கலராக்க ஆசையா, ஆக்குங்கள். அதற்கு முன் மூலப்படத்தை அப்படியே ஸ்கேன் செய்து வையுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, பெயர், தோட்டம், டிவிசன் மூன்றையும் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனை வேண்டாம், மை முன்னுக்கு ஊறும்.