செய்கூலிக்குப் பிறகுதான் தருமம்

சிறு நகைக்கடைகளின் விளம்பர அட்டைகளில் இப்போது இரண்டு வாசகங்கள் அடிக்கடி தென்படுகின்றன. ‘நேர்மையான வழியில் வந்த தங்கம்’ என்பது ஒன்று. ‘ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு தொண்டுக்கு’ என்பது மற்றொன்று. பெரிய கடைகளின் விளம்பர வெள்ளத்துக்கு நடுவே, நான்கு பேர் வேலை செய்யும் ஒரு கடை இப்படி யோசிப்பதை மனமார வரவேற்கிறோம். ஆனால் எங்கோ இருக்கும் சுரங்கத்தையும் யாரோ நடத்தும் தொண்டு இல்லத்தையும் நினைக்கும் இந்த வாசகங்களுக்கு இடையில் ஓர் ஆள் விடுபட்டுப்போகிறார். நம் கடைக்குப் பின்தெருவில், பட்டறையில் உட்கார்ந்து பற்று வைக்கும் பத்தர் அவர்.

முதலில் தங்கத்தைப் பார்ப்போம். கோலார் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. இன்று நாட்டில் தங்கம் எடுப்பது பெரும்பாலும் கர்நாடகத்தின் ஹட்டியில்தான். அதுவும் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை டன். நாடு இறக்குமதி செய்வதோ நூற்றுக்கணக்கான டன். ஆகவே நாம் விற்கும் புதுத் தங்கத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் கடல் கடந்தது. உலகில் வெட்டியெடுக்கப்படும் தங்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஆசியாவிலும் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் கைத்தொழிலாகத் தோண்டி எடுக்கிறார்கள். மண்ணோடு பாதரசத்தைக் கலந்து, அதில் ஒட்டிய தங்கத்தைத் தீயில் காட்டிப் பிரிக்கிறார்கள். மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தீயிலிருந்துதான் எழுகிறது. அதைக் கட்டுப்படுத்த வந்த மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ‘அந்தத் தங்கமே வேண்டாம்’ என்று ஒதுக்கிவிடுவதும் தீர்வாகாது. அது அத்தனை குடும்பங்களின் சோறு.

வேறொரு வழி இருக்கிறது. பெரு நாட்டின் சில சுரங்கக் கூட்டமைப்புகளிடமிருந்து, கிலோவுக்கு 2000 டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் ஃபேர்டிரேட் தங்கம் 2011 முதல் பிரிட்டனில் விற்பனையாகிறது. அந்தக் கூடுதல் தொகை சுரங்க ஊருக்குப் போய்ச் சேர்கிறது. மதுரையிலோ நாகர்கோவிலிலோ மாதம் நூறு இருநூறு கிராம் வாங்கும் கடைக்கு, வழக்கமான கட்டி வியாபாரியிடம் அது கிடைப்பதில்லை. கிடைக்காத பொருளின் பெயரில் அட்டை அடிக்க வேண்டாம் என்பதுதான் நம் முதல் வேண்டுகோள்.

கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை சில உண்டு. கட்டி எந்தச் சுத்திகரிப்பு ஆலையின் முத்திரையோடு வருகிறது? கட்டியின் எண் பில்லில் இருக்கிறதா? அந்த ஆலை லண்டன் தங்கச் சந்தைச் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? நம் நாட்டில் எம்.எம்.டி.சி.–பேம்ப் அந்த அங்கீகாரம் பெற்ற ஆலை. அந்தப் பட்டியலில் இடம்பெறும் ஆலைகள், தங்களுக்கு வரும் தங்கத்தின் வழியைத் தணிக்கைக்கு உட்படுத்தியாக வேண்டும். ஹால்மார்க் இந்த வேலையைச் செய்யாது. ஹால்மார்க்கின் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. குறியீடு, மாற்று என்ன, எந்தக் கடை, எந்த மையத்தில் சோதித்தது என்பதைக் காட்டும். தங்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று காட்டாது. கவுன்ட்டரில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்கள் அறியாமலேயே வாடிக்கையாளரைத் தவறான நம்பிக்கைக்குள் தள்ளுகிறார்கள். பில் இல்லாமல் மலிவாக வரும் தங்கத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 2024 ஜூலையில் இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட பிறகு, அதை வாங்குவதற்குச் சொல்லப்பட்டுவந்த சாக்கின் பெரும்பகுதியும் போய்விட்டது.

சிறு கடையால் உண்மையிலேயே வழி அறிந்து வாங்கக்கூடிய தங்கம் பழைய நகை. விற்பவர் நம் எதிரிலேயே நிற்கிறார். அடையாள அட்டையின் நகல், நகையின் படம், எடை, உருக்கிய பின் வந்த மாற்று இவற்றை ஒரு பதிவேட்டில் ஒழுங்காக எழுதிவைக்கும் கடை, எந்த வெளிநாட்டுச் சான்றிதழுக்கும் குறையாத ஆவணத்தை வைத்திருக்கிறது. பதிவேடு இல்லாத பழைய தங்கத்துக்கு ‘மறுசுழற்சித் தங்கம்’ என்று பெயர் சூட்டுவதில் பொருளில்லை. திருட்டு நகையும் உருக்கினால் அதே கட்டிதான்.

வைரம் விற்பவர்களுக்கு ஒரு சொல். 2003 முதல் நடப்பில் உள்ள கிம்பர்லி ஏற்பாடு, அரசுகளுக்கு எதிரான ஆயுதக் குழுக்களுக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத வைரத்தை மட்டுமே தடுக்கிறது. தொழிலாளியின் கூலியையோ, சிறுவர் உழைப்பையோ, அரசுப் படைகளே செய்யும் கொடுமையையோ அது பார்ப்பதில்லை. அந்தச் சான்றைக் காட்டி ‘மாசற்ற வைரம்’ என்று சொல்லாதீர்கள்.

இனி பட்டறை. 1963 ஜனவரியில் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு வந்தபோது முதலில் விழுந்தது பத்தர் குடும்பம்தான். அடுப்பு அணைந்து, ஊர் விட்டு, உயிரையே விட்டவர்களும் உண்டு. 1990-இல் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியது. ஆனால் வார்ப்பு இயந்திரமும் ஆயத்த நகையும் வந்து, மிஞ்சிய பட்டறைகளின் கூலியை இறக்கிவைத்தன. வாடிக்கையாளரிடம் சேதாரமாகப் பிடிக்கும் எடைக்கும் பட்டறைக்கு நாம் அனுமதிக்கும் சேதாரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பது நமக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. அந்த இடைவெளி கடைக்கு வேண்டும். வாடகையும் வட்டியும் அதிலிருந்துதான் போகின்றன. ஆனால் கிராமுக்கு இத்தனை என்று பல ஆண்டுகளுக்கு முன் பேசிய கூலியைத் தொடாமலே வைத்துக்கொண்டு, சேதாரத்தில் மட்டும் காலத்துக்கேற்பக் கூட்டிக்கொள்வது நேர்மையான கொள்முதல் ஆகாது. கூலியும் கொள்முதல்தான்.

பத்தரின் உடம்பும் இருக்கிறது. ‘கேடிஎம் நகையா?’ என்று இன்றும் கேட்கிறார்கள். சில கடைகளில் ஆமாம் என்றும் பதில் வருகிறது. காட்மியம் கலந்த பற்று மாற்றைக் குறைக்காது என்பதால் ஒரு காலத்தில் பெருமையாக விற்றது. ஊதுகுழலின் சூட்டில் எழும் அதன் புகை பற்று வைப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அரித்தது. ஹால்மார்க் நகையில் அதற்கு இடமில்லை. துத்தநாகம் கலந்த பற்று வந்துவிட்டது. ஆனாலும் தரமில்லாத பற்று எங்கேயாவது புழங்குகிறதா என்று பட்டறைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. புகையை வெளியே இழுக்கும் ஒரு விசிறியின் விலை, ஒரு கிராம் தங்கத்தின் விலையைத் தாண்டாது.

ஆடியிலும் மார்கழியிலும் வேலை இறங்கும்போது பத்தர் முன்பணம் கேட்பார். கொடுங்கள். ஆனால் அதைக் காட்டி வேறு கடைக்கு வேலை செய்யக்கூடாது என்று கட்டிப்போடாதீர்கள். கடனுக்காக ஒருவரின் உழைப்பைப் பிடித்துவைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். பொற்கொல்லர்களுக்கென்று தமிழக அரசின் நலவாரியம் இருக்கிறது. பட்டறையில் இருப்பவர்களை அதில் பதிவு செய்ய ஒரு நாள் ஒதுக்கினால், பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, முதுமையில் ஓய்வூதியம் என்று நம் உண்டியலால் தர முடியாதவை அவர்களுக்குக் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்த பிறகு வருகிறது நன்கொடை. எதில் பங்கு தருவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு லட்ச ரூபாய் பில்லில் தங்கத்தின் விலை 88,000, செய்கூலியும் சேதாரமும் 12,000 என்று வைத்துக்கொள்வோம். ‘விற்பனையில் ஒரு விழுக்காடு’ என்றால் ஆயிரம் ரூபாய். அந்த 12,000-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு. பட்டறைக் கூலி, வாடகை, சம்பளம், வங்கி வட்டி எல்லாம் மற்ற பதினொன்றில் அடங்க வேண்டும். செய்கூலியைக் கிராமுக்கு இவ்வளவு என்று வாங்கும் கடையில் நிலைமை இன்னும் கடினம்: தங்க விலை ஏறினால் நன்கொடையும் ஏறும், கடைக்கு நிற்பது அதே அளவுக்கு ஏறாது. நெருக்கடி வரும்போது கை முதலில் போவது பத்தரின் கூலியில்தான். ஆகவே பங்கை பில் தொகையில் வைக்காமல் செய்கூலியில் வையுங்கள். அல்லது நகைக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக வையுங்கள். தொகை சிறிதாகத் தெரியும். ஆனால் மோசமான ஆண்டிலும் நிற்கும்.

சில்லறையை உண்டியலில் போடச் சொல்லி வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் கடைகள், அந்தப் பணத்தைக் கடையின் நன்கொடையாகக் கணக்கு காட்டக்கூடாது. அது கொடுத்தவர்களின் பணம். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த தனி உரிமையாளருக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. சலுகையை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டு நிதியாண்டின் கடைசியில் பின்வாங்குவதைவிட, ஆரம்பத்திலேயே கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

நம் யோசனை இதுதான். ஆண்டுக்கு ஒரு முறை ஒரே தாளில் மூன்று வரிகள் அச்சிட்டுக் கவுன்ட்டரில் வையுங்கள்: எந்த ஆலையின் கட்டியும் எவ்வளவு பழைய தங்கமும் வாங்கினோம், பட்டறைக்குக் கிராமுக்கு என்ன கூலி கொடுத்தோம், யாருக்கு எவ்வளவு நன்கொடை கொடுத்தோம். கூலியை வெளியே சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்ற அச்சம் நமக்குப் புரிகிறது. அதனால்தான் ஒரு கடை தனியாகச் செய்வதைவிட, ஒரு தெருவின் கடைகள் பேசிவைத்துக்கொண்டு வரும் சித்திரையில் சேர்ந்தே செய்யலாம் என்கிறோம்.