சரக்குக்கு 200, ஆளுக்கு நூற்றுக்கு 13.3!

ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு வேன்கள். ஒரே எஞ்சின், ஒரே நீளம், ஒரே புகை. ஒன்றில் முன்னால் மூன்று இருக்கைகள். பின்னால் முழுவதும் சரக்கு. மற்றொன்றில் ஓட்டுனருக்குப் பின்னால் இன்னொரு வரிசை இருக்கை. அதில் கொத்தனார், சித்தாள், தச்சர் என்று மூன்று நான்கு பேர் உட்கார்ந்து வேலைக்குப் போகலாம். இந்த இரண்டு வண்டிகளையும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து அயர்லாந்தில் பதிவு செய்யப் போனால் சர்க்கார் என்ன வரி கேட்கிறது தெரியுமா? சரக்கு வண்டிக்கு 200 ஈரோ. ஆள் ஏறும் வண்டிக்கு விலையில் நூற்றுக்கு 13.3 வீதம்!

சிமெண்டு மூட்டை சவாரி செய்தால் சலுகை. அதே மூட்டையைத் தூக்கும் மனிதன் சவாரி செய்தால் தண்டம்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

அயர்லாந்து சங்கதி நமக்கு எதற்கு என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். 1913-ல் டப்ளின் நகர முதலாளிகள் டிராம் தொழிலாளர்களையும் மற்றவர்களையும் மாதக்கணக்கில் வெளியே தள்ளிக் கதவடைத்தார்களே, அதே ஊர்தான். உழைப்பவன் கணக்குத் தெரியாதவன் என்று நினைத்து அவனிடம் எப்படிப் பணம் கறக்கிறார்கள் என்பதை எந்த நாட்டிலிருந்தும் நாம் படித்துக் கொள்ளலாம்.

முதலில் இந்த வரி பிறந்த கதை. 1993 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வண்டிகளுக்கு அதுவரை வாங்கி வந்த தீர்வையை விட வேண்டியதாயிற்று. விட்டார்களா? விட்டார்கள். அன்றைய தினமே ‘வாகனப் பதிவு வரி’ என்ற புதுப் பெயரோடு அதைத் திரும்ப உள்ளே அழைத்துக் கொண்டார்கள். வாசல் வழியாகப் போன மாமியார் கொல்லை வழியாக வந்த கதை!

இந்த வரியை எதன்மேல் போடுகிறார்கள்? இங்குதான் சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலைமேல் அல்ல. ரசீதைக் காட்டி, “ஐயா, நான் இவ்வளவுதான் கொடுத்தேன்” என்றால் கேட்க ஆளில்லை. அந்த வண்டி அயர்லாந்துச் சந்தையில் சில்லறை விலைக்கு என்ன போகும் என்று வரி இலாகாவே ஒரு விலையை நிர்ணயிக்கிறது. ‘திறந்த சந்தை விற்பனை விலை’ என்று அதற்குப் பெயர். அந்த விலைக்குள் எல்லா வரிகளும் அடக்கம் என்று சட்டமே சொல்கிறது. கட்டப் போகும் இந்தப் பதிவு வரியும் அதற்குள் அடக்கம்! அதாவது வரியைச் சேர்த்து ஒரு விலை. அந்த விலைமேல் மறுபடியும் வரி. விலை 16,000 ஈரோ என்று இலாகா சொன்னால் வரி 2,128. அந்த வரியைக் கழித்தால் வண்டியின் விலை 13,872. இந்தத் தொகைக்குப் பார்த்தால் நூற்றுக்கு 15.3 வருகிறது. சட்டப் புத்தகத்தில் 13.3, தொழிலாளியின் பையில் 15.3. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டால் வாத்தியார் காதைத் திருகுவார்.

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்காக நாமே அமைத்த தொகைகள்தான். வீதங்கள் மட்டும் சட்டத்தில் உள்ளவை.

அயர்லாந்தும் இங்கிலாந்தும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகள். ஆகவே பழைய வண்டி வேண்டுமென்றால் ஐரிஷ்காரன் இங்கிலாந்துச் சந்தையைத்தான் தேடுவான். 2020 முடியும் வரை இதில் சுங்கத் தொல்லை கிடையாது. இங்கிலாந்து ஐரோப்பியக் கூட்டைவிட்டுப் போன பிறகு, 2021 ஜனவரி 1 முதல் கதை மாறிவிட்டது.

சுவர்ப் பூச்சு வேலை செய்யும் ஒருவர், கூட மூன்று பேரை அழைத்துச் செல்ல ஒரு பழைய இரட்டை வரிசை டீசல் வேனை இங்கிலாந்தில் 10,000 ஈரோவுக்குச் சமமான தொகைக்கு வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஹோலிஹெட் துறைமுகத்திலிருந்து டப்ளினுக்குக் கப்பல் செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் 400. வண்டி துருக்கியில் செய்தது; ஆகையால் பிரிட்டிஷ் சரக்கு என்ற சலுகை கிடையாது. எஞ்சின் 2,500 சி.சி.க்கு உட்பட்டது. சுங்க வரி நூற்றுக்கு 10: ஆக 1,040. இதையெல்லாம் சேர்த்த 11,440-ன் மேல் வாட் வரி நூற்றுக்கு 23: 2,631 ஈரோ 20 சென்ட். ஏற்கனவே ஒருவன் வாங்கி, வரி கட்டி, ஓட்டித் தேய்த்த வண்டிக்குத்தான் இந்த வாட்! பிறகு வருகிறது பதிவு வரி. இலாகா நிர்ணயித்த விலை 16,000 என்றால் 2,128. மொத்த வரி மட்டும் 5,799 ஈரோ 20 சென்ட். பத்தாயிரம் ஈரோ வண்டி, கப்பல் செலவையும் சேர்த்துப் பதினாறாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நிற்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள் நம் கிராமத்தில். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அந்தத் திசையில்தான் போகிறது.

இந்த வாட் வரியை எல்லோரும் சுமக்கிறார்களா? இல்லை. வாட் கணக்கில் பதிவு செய்துகொண்ட கண்டிராக்டர், தொழிலுக்காக வாங்கிய வேன் என்று எழுதிக் கொடுத்து அந்த 2,631 ஈரோவைத் திரும்பப் பெற்றுக் கொள்ளலாம். வருமானம் போதாமல் பதிவுக்கு வெளியே நிற்கும் ஒற்றை ஆள் தொழிலாளிக்கு அது போனது போனதுதான். பெரியவன் கட்டுவது கைமாற்று. சின்னவன் கட்டுவது காணிக்கை.

வரி இலாகாவின் இணையப் பக்கத்தில் கணக்குப் பொறி ஒன்று இருக்கிறதே, முன்கூட்டியே பார்த்துக் கொள்ளலாமே என்பார்கள். பார்க்கலாம். ஆனால் அது காட்டுவது உத்தேசத் தொகை மட்டும். வண்டி நாட்டுக்குள் வந்து 7 நாளுக்குள் பரிசோதனைக்கு நேரம் வாங்க வேண்டும். 30 நாளுக்குள் பதிவை முடிக்க வேண்டும். முடிவான தொகை வண்டி வந்து சேர்ந்த பிறகுதான் கையில் விழுகிறது. தொகை அதிகம் என்று தோன்றினால்? முதலில் முழுவதையும் கட்டு, பிறகு இரண்டு மாதத்துக்குள் அப்பீல் செய்! அப்பீல் யாரிடம்? விலை போட்ட அதே வரி இலாகாவிடம்! அதற்கும் மேலே போக வரி மேல்முறையீட்டு ஆணையம் இருக்கிறது. இலாகாவின் முடிவு வந்து 30 நாளுக்குள் அங்கே போக வேண்டும். ஆனால் முதல் படியில் வேலிக்கு ஓணான்தான் சாட்சி.

சர்க்கார் தரப்பில் இரண்டு வாதங்கள் உண்டு. அவற்றை நாம் மறைக்கவில்லை.

ஒன்று, புகை. காற்றைக் கெடுக்கும் வண்டிக்கு வரி வேண்டாமா என்பது. வேண்டும். 2025 ஜூலை 1 முதல், கிலோமீட்டருக்கு 120 கிராமுக்குக் குறைவாகக் கரியமில வாயு விடும் வேன்களுக்கு 13.3-ஐ 8 ஆக்கியும் இருக்கிறார்கள். பத்து வருஷத்துப் பழைய இரட்டை வரிசை டீசல் வண்டி அந்த வரம்புக்குள் எங்கே வரப் போகிறது? அது கிடக்கட்டும். அதே எஞ்சின் உள்ள மூன்று இருக்கை வண்டி 200 ஈரோவோடு தப்பிக்கிறதே, அதன் புகை சாம்பிராணிப் புகையா? நான்குக்குக் குறைவான இருக்கை, முழுச் சுமையோடு வண்டியின் எடை வெறும் வண்டியின் எடையில் நூற்றுக்கு 130-க்கு மேல். இந்த இரண்டும் இருந்தால் 200 ஈரோ. இந்த விதியில் புகை எங்கே வருகிறது?

இரண்டாவது, ஏமாற்று. இருக்கை உள்ள வேனை வாங்கி, தொழிலுக்கென்று சொல்லி, குடும்பத்தோடு உல்லாசமாக ஓட்டுகிறார்களாம்; ஆகவே காருக்கும் சரக்கு வண்டிக்கும் நடுவே ஒரு வீதம் வேண்டுமாம். இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வழவழப்பான இரட்டை வரிசை வண்டிகளைக் கார் போல ஓட்டும் கனவான்கள் உண்டு. காரென்றால் வரி நூற்றுக்கு 41 வரை ஏறும் நாட்டில் வேறு என்ன நடக்கும்? ஆனால் கனவானைப் பிடிக்க வலை வீசிவிட்டு, வேலைக்குப் போகும் நான்கு பேரை அதில் வாரிக் கொள்வதா? தொழிலுக்கு ஓடுகிறதா என்பதை ஆராய இலாகாவிடம் கணக்குப் புத்தகமும் அதிகாரமும் இருக்கின்றன. கனவானிடம் அவற்றைக் காட்டட்டும்.

மற்ற நாடுகளிலும் இந்த ‘இலாகா விலை’ வித்தை நடந்தது. டென்மார்க் நாட்டில், இறக்குமதியான பழைய கார்களுக்கு உண்மை மதிப்புக்கு மேலாக ஒரு மதிப்பை வைத்து வரி வாங்கியது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. 2001-ல் போர்ச்சுகல் வழக்கிலும், உள்நாட்டில் பதிவான அதே மாதிரிப் பழைய வண்டியின் விலைக்குள் எவ்வளவு வரி மிச்சமிருக்கிறதோ அதற்கு மேல் கேட்கக் கூடாது என்ற நெறியையே வலியுறுத்தியது. அயர்லாந்து சர்க்காரே 2017-ல் குட்டுப்பட்டது; அது வேறு விவகாரம். வெளிநாட்டுக் கம்பெனியிடம் குறைந்த காலத்துக்குக் குத்தகைக்கு எடுத்த வண்டிக்கும் முழு வரியையும் முன்கூட்டிக் கேட்டது தவறு என்றது நீதிமன்றம்.

குத்தகைக் கார்க்காரனுக்காக நீதிமன்றம் வரை போக ஆள் இருந்தது. பூச்சு வேலைக்காரனுக்காக யார் போவது?

ஆகவே அந்நாட்டுத் தொழிலாளர்கள் கேட்க வேண்டியது இது என்று நாம் கருதுகிறோம். எந்தெந்த வண்டிகளின் எந்தெந்த விற்பனையைப் பார்த்து விலை நிர்ணயித்தாய் என்று ஒவ்வொரு வரிச் சீட்டிலும் எழுதிக் கொடு. முதல் அப்பீலை இலாகாவுக்கு வெளியே உள்ளவர்கள் கேட்கட்டும். தகராறில் உள்ள தொகையைத் தீர்ப்பு வரும்வரை நிறுத்தி வை. வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனுக்கும், மூட்டை ஏற்றிப் போகும் வேனுக்கு வாங்கும் அதே 200 ஈரோவை மட்டும் வாங்கு.