'சேட்' என்ற ஒரு சொல் போதுமா?



"சேட்டா இருக்கு டீச்சர்." தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் இன்று அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. மதிப்பெண் குறைந்தாலும் சேட். தோழி பேசாவிட்டாலும் சேட். பாட்டி இறந்தாலும் சேட். மூன்றும் ஒன்றா? என் கவலை ஆங்கிலக் கலப்பைப் பற்றியது மட்டுமன்று. பிள்ளையின் மனத்தில் இருப்பது நமக்குத் தெரியாமல் போகிறதே என்பதுதான்.

அச்சொல்லின் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'நிறைந்த', 'தெவிட்டிய' என்பதே பொருள். அதன் உறவுச் சொல் ஜெர்மன் மொழியில் இன்றும் 'வயிறு நிறைந்த' என்றே பொருள் தருகிறது. தெவிட்டல் சலிப்பாகி, சலிப்பு மனப்பாரமாகி, இறுதியில் துயரத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று.

'ஃபீல்' என்ற சொல்லோ நம்மிடம் வந்து மாறியது. ஆங்கிலத்தில் அது மகிழ்ச்சி, சினம், குளிர், வலி என எதை உணர்வதையும் குறிக்கும். நாமோ "ஃபீல் பண்ணாதே" என்றால் "வருந்தாதே" என்று மட்டுமே கொள்கிறோம். இப்படிப் பேசிப் பழகிய மாணவர் ஆங்கிலக் கட்டுரையிலும் அப்படியே எழுதினால் பொருள் தவறும். ஆகவே இரு மொழியிலும் இழப்பு நமக்கே.

தமிழில் சொற்பஞ்சமா? இல்லவே இல்லை. நடந்ததை எண்ணி நோவது வருத்தம். நடக்கப் போவதை எண்ணிக் கலங்குவது கவலை. இல்லாததை நாடி உருகுவது ஏக்கம். எதிர்பார்த்தது கிட்டாதபோது ஏமாற்றம். வேண்டியவர் புண்படுத்தினால் மனத்தாங்கல். பேரிழப்பில் துயரம். பேச்சில் இவை ஒன்றோடொன்று கலந்து வருவதுண்டு. ஆயினும் வேறுபாடு அறிந்த பிள்ளை தன் மனத்தைத் தெளிவாகச் சொல்லும்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார்: பிறரால் இகழப்படுதல், இழத்தல், நிலை தளர்தல், வறுமை. "ஏன் அழுகிறாய்?" என்று பிள்ளையிடம் கேட்கும் நமக்கு இந்த நான்கும் இன்றும் வழிகாட்டும். யாரேனும் கேலி செய்தனரா? எதையேனும் இழந்தாயா? முன்பு முடிந்தது இப்போது முடியவில்லையா? வீட்டில் பணமுடையா? விடைக்கேற்ப நாம் செய்ய வேண்டிய உதவியும் மாறும்.

'டிப்ரஸ்ட்' என்ற சொல்லைப் பற்றியும் கூறியாக வேண்டும். விளையாட்டில் தோற்றவரும் அதைச் சொல்கிறார். ஆனால் மருத்துவத்தில் மனச்சோர்வு என்பது ஒரு நோய். ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும், குறைந்தது 2 வாரங்களுக்கு மனம் தாழ்ந்திருப்பது, அல்லது எதிலும் நாட்டமின்றி இருப்பது அதன் முக்கிய அடையாளம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உறக்கமும் உணவும் கெடலாம். சிறு சலிப்புக்கெல்லாம் அப்பெயரைச் சூட்டினால், உண்மையிலேயே நோயுற்ற பிள்ளை அதைச் சொல்லும்போது நாம் சிரித்துக் கடந்துவிடுவோம். அத்தகைய பிள்ளைக்குச் சொற்பாடம் போதாது. பள்ளி ஆலோசக ஆசிரியரையும் மருத்துவரையும் உடனே நாட வேண்டும்.

பிறமொழிச் சொல்லைச் சொன்னதற்காகப் பிள்ளையைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வருந்தி வந்த பிள்ளையின் மொழியைத் திருத்தத் தொடங்கினால் அது அடுத்த முறை வாயே திறக்காது. முதலில் கேளுங்கள். பிறகு, "வருத்தமா, கவலையா, ஏக்கமா?" என்று மெல்ல வினவுங்கள். கட்டுரைப் பாடத்திலும் 'சோகமாக இருந்தான்' என்று முடிக்காமல், எவ்வகைச் சோகம் என்று எழுதப் பழக்குங்கள்.

தமிழ்ச்சொல் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளை தன் நெஞ்சைத் திறந்து காட்டவும் அது உதவ வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.