கிணற்றைக் கேட்டு வீடு கட்டுக

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்” என்றனர் எம் முன்னோர். கலியாணத்தை வேறொரு வாரத்திற்கு ஒத்திவைத்து, இன்று வீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச எண்ணுகிறோம். அதற்குக் காரணமும் உண்டு.

எம்மிடம் முன்னர் பயின்ற மாணாக்கர் ஒருவர் இன்று ஐரோப்பிய நாடொன்றில் நன்னிலையில் இருக்கிறார். விடுமுறைக்கு மத்தியதரைக் கடலோரப் பட்டினமொன்றுக்குச் சென்றவர், அங்கே கண்ட வெள்ளை வெளேரென்ற வீடுகளுக்குத் தம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். ஊர்காவற்றுறையில் உள்ள தமது பரம்பரைக் காணியில் அத்தகைய வீடொன்றை எழுப்ப வேண்டும் என்பது அவர் அவா. தட்டைக் கூரை, இரண்டு மாடி, கடலை நோக்கிய கண்ணாடிச் சுவர், நீச்சற் குளம் யாவும் அடங்கிய படத்தை எமக்கு அனுப்பி, “சேர், ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ” என்று எழுதியிருந்தார். அவ்வீட்டில் வாழப்போகிறவரோ எழுபது வயதைக் கடந்த அவருடைய தாயார்.

படத்தை அம்மையாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “எல்லாம் வடிவாய்த்தான் இருக்குது, மாஸ்டர். கிணறு எவ்விடத்திலை?” என்று கேட்டார்.

படத்தில் கிணறு இல்லை.

அந்தக் கேள்வி எம்மையும் சுட்டது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர் தீவுப்பகுதிக்குள் புகுந்தபோது, சிறு பராயத்தில் பெற்றோருடன் ஊரைவிட்டு நீங்கியவர்களுள் நாமும் ஒருவர். 2009இல் போர் ஓய்ந்தபின் திரும்பிவந்து, கூரையிழந்து நின்ற தந்தையார் வீட்டைத் திருத்தினோம். படித்தவர் என்ற செருக்கு எமக்கு இருந்தது. மேசன் தடுத்தும் கேளாது, மலிவாகக் கிடைத்த உவர் மணலைக் கழுவாமலே சீமெந்துடன் கலப்பித்தோம். சில ஆண்டுகளில் உள்ளிருந்த கம்பி துருவேறிப் பருத்து, மேற்றளம் பொருக்குப் பொருக்காக உதிரலாயிற்று. அது எம் பணத்தோடு போயிற்று, பரவாயில்லை.

கிணற்றில் செய்த பிழையோ எம்மோடு நிற்கவில்லை. தண்ணீர் பெருகுமென எண்ணி அதனை ஆறடி ஆழமாக்கி, இறைக்கும் இயந்திரமும் பூட்டினோம். இரண்டாம் கோடையில் தண்ணீர் உவர்த்தது. வேலிக்கு அப்பாலிருந்த அயலவர் கிணறும் உவர்த்தது. அந்த வீட்டு அம்மா எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலையும் மாலையும் குடத்தை இடுப்பில் ஏந்தி, எம் படலையைத் தாண்டிக் கோயிற் கிணற்றுக்கு நடந்தார். அவர் ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதன் காரணத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. எமது தீவுகளில் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழையே சுண்ணக்கல்லினூடாகக் கீழிறங்கி, பாரங்கூடிய கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஜேர்மனியின் வடகடல் தீவுகளில் இதனை ஆராய்ந்த ஹேர்ஸ்பேர்க் என்பார் 1901இல் ஒரு கணக்கை வெளியிட்டார். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பதே அது. மேலே ஓரடியை நாம் இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பதடிக்கு உவர் ஏறிவரும். துலாவால் அளவோடு மொண்ட எம் பாட்டனார் இக்கணக்கைப் படித்தவரல்லர். ஆயினும் அதன்படி வாழ்ந்தார்.

தண்ணீரை இழந்த வீடு எவ்வளவு வலிதாயினும் நில்லாது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையை நோக்குங்கள். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளிருந்த போர்த்துக்கேயரைப் பணியச் செய்தது குடிநீர் முட்டுப்பாடே.

அங்ஙனமாயின் மாணாக்கர் விரும்பிய மத்தியதரை வீடு பிழையானதா? அன்று. அங்கும் பழைய வீடுகள் தண்ணீரைக் கேட்டே கட்டப்பட்டன. எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகர வீடுகளில், நடுக்கூடத்துக் கூரை திறந்திருக்கும். அதன்வழி விழும் மழைநீர் தொட்டியொன்றில் வீழ்ந்து நிலத்தடிச் சேமிப்பறைக்குச் செல்லும். எமது நாற்சார் வீட்டு முற்றத்தை இது நினைப்பூட்டவில்லையா? அவ்வூர்ச் சுவர்களின் வெண்மையும் வெயிலைத் திருப்பும் சுண்ணாம்புப் பூச்சே. ஆகவே அவ்வீட்டின் முகத்தைப் படியெடுத்தல் வேண்டா. அதன் மூளையைப் படியெடுத்தல் தகும்.

மாணாக்கருக்கு நாம் எழுதிய விடையின் சாரம் இதுவே: தம்பி, முதலில் பழைய கிணற்றைத் துப்புரவாக்கும், ஆழமாக்க வேண்டாம். மலக்குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில், அடி கசியாத தொட்டியாக அமையும். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் அழுக்கை வடிகட்டமாட்டா. கூரை ஓடு வேய்ந்து சரிந்திருக்கட்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லீற்றர் நீர் விழும். ஆறு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 30 லீற்றர் எனக் கொண்டால், எட்டு மாதக் கோடைக்கு 7,200 லீற்றர் போதும். மூன்று அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட மழை அதனைத் தந்துவிடும்! நீச்சற் குளத்தை மறந்து, ஒரு மழைநீர்த் தொட்டியைக் கட்டும். சோளகம் உள்ளே வர வழிவிடும். அம்மா இருந்து தெருவைப் பார்க்க ஒரு விறாந்தை வையும்; கடலை அவர் போதியவளவு பார்த்துவிட்டார்.

பழைய வீடுகளைப்போல முருகைக்கல்லால் சுவர் எழுப்பலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தல் 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தடுக்கப்பட்டுள்ளது. கடலரிப்பைத் தடுக்கும் அரண் அது. நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களைக் கண்டு மகிழ்வோம். அவற்றில் ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம்.

புதிய படம் சென்ற கிழமை வந்தது. மாடி போயிற்று, கண்ணாடிச் சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது. அதனைப் பற்றித் தாயும் மகனும் பேசிக்கொள்ளட்டும். கிணற்றை ஒரு சிறு வட்டமாகக் குறித்திருந்தார்கள். அம்மையார் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

எமது கிணற்றின் கதையையும் சொல்லி முடிக்கிறோம். தோண்டிய ஆறடியைத் தூர்த்து, இயந்திரத்தைக் கழற்றிப் பல மாரிகள் கடந்துவிட்டன. அயல்வீட்டு அம்மா இப்போது தம் கிணற்றிலேயே அள்ளுகிறார். முன்னைய சுவை இன்னும் வரவில்லை என்கிறார். காணி எமது, வீடும் எமது. அடியில் நிற்கும் தண்ணீரோ ஊருடையது.