உருவமும் உரிமையும்

ஹொலிவுட் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவன புகழும் பொருளுமேயாம். ஆயின், ஒரு காட்சியில் தேநீர்த் தட்டேந்தி வந்து மறைபவளையும், விளம்பரப் படத்துக்கு நின்றுவிட்டு அடுத்த அழைப்பை எதிர்நோக்கியிருப்பவளையும் நினைப்பார் யாவர்?

அமெரிக்க நடிகர் சங்கம் 2023 யூலை 14இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 118 நாட்கள் நீடித்தது. சங்கத்தினர் ஏறத்தாழ 1,60,000 பேர். மருத்துவக் காப்புறுதி பெற 2023இல் ஆண்டுக்கு 26,470 டொலர் ஈட்டல் வேண்டியிருந்தது; அவருட் பெரும்பாலார் அத்தொகையை எட்டிலர்.

கூலியினும் பெரிய வினாவொன்று அப்போது எழுந்தது. நடிகையின் உடலைக் கருவியாற் பதிந்துகொண்டபின், அவளை அழையாமலே அவளுருவைப் பிற காட்சிகளில் உலவவிடலாமா என்பதே அது. நாட்கூலியால் வாழ்வாளுக்கு இது நாளையே பறிப்பதாகும். நவம்பரில் எய்திய உடன்பாடு, அவள் ஒப்புதலும் அதற்குரிய ஊதியமும் வேண்டுமென விதித்தது. விளம்பர உருக்காட்டுநர்க்கும் எழுத்து மூல ஒப்புதல் வேண்டுமென்னும் நியூயோர்க் மாநிலச் சட்டம் 2025 யூனில் நடைமுறைக்கு வந்தது.

இவை வரவேற்கத்தக்கனவே. எனினும், மறுத்தால் மறுநாள் அழைப்பு வாராதென அஞ்சுபவள் இடும் கையெழுத்தை ஒப்புதல் என்பது எங்ஙனம்? வறியோர்க்குச் சட்டம் மட்டும் அரணாகாது. மறுத்தவளைக் கைவிடாத சங்கமும் வேண்டும். பெயரறியாத அம்முகங்களின்றி எக்காட்சியும் நிறைவுறாது என்பதை நாம் மறத்தலாகாது.