ஆறு மணிக்கு விளக்கு, ஒன்பது மணிக்குத் தூக்கம்

தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் திருக்கார்த்திகை இல்லை. 2022இல் அது டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை வந்தது. 2024இல் டிசம்பர் 13, வெள்ளி. 2025இல் டிசம்பர் 3, புதன். 2023இல் ஞாயிற்றுக்கிழமை அமைந்தும், விடிந்தால் பள்ளிக்கூடம். போதாததற்கு அரையாண்டுத் தேர்வும் இதே பருவத்தில்தான்.

அருணாசலேசுவரர் மலை இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அன்றைக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய எங்கள் திருவண்ணாமலை வேறு. இங்கே குன்றின் மேல் கோயில் கொண்டிருப்பவர் சீனிவாசப் பெருமாள், ஊர் நிரம்பி வழிவது புரட்டாசிச் சனிக்கிழமைகளில். கார்த்திகை அன்று எங்கள் பிள்ளைகள் வழக்கம்போலப் பை தூக்கிப் போய், வெயில் தணிகிற நேரத்தில் சோர்ந்து திரும்புகிறார்கள்.

இந்த ஒரு மாலையை எப்படி நடத்துவது என்று பல வீடுகளில் தவிப்பதைப் பார்க்கிறேன். அப்பமும் அடையும் பொரி உருண்டையும் கொழுக்கட்டையும் ஒரே நாளில் செய்தாக வேண்டும் என்று அம்மாக்கள் அடுப்படியிலேயே நிற்பார்கள். விளக்கேற்ற ஏழரை ஆகிவிடும். சாப்பாடு ஒன்பதரைக்கு. வீட்டுப்பாடம் அதற்கும் பிறகு. பிள்ளை அழும், அம்மாவுக்குக் கோபம் வரும். அகல் முழுக்க எண்ணெய் இருந்தும் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்க்க ஆள் இருக்காது. எனக்கு மனசு ஆறாதது இதில்தான். கார்த்திகை பிள்ளைகளின் பண்டிகை. நெருப்பைப் பயமில்லாமல், ஆனால் கவனத்தோடு கையாளப் பெரியவர்கள் பக்கத்தில் நின்று பழக்கித் தரும் ஒரே நாள் அது.

இந்தப் பண்டிகையின் நேரம் பள்ளிக்கூடத்துக்குப் பகையே இல்லை. கார்த்திகை மாதத்தில் எங்கள் ஊரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏறுவதும் மாலை ஆறு மணிக்குத்தான். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து "அரோகரா" சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தால் விளக்கு வரிசையை ஆறேகாலுக்குள் ஏற்றி முடிக்கலாம். ஏழு மணி வரை பிள்ளைகள் தெருவில் நிற்கட்டும். கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்க்கத் தாத்தாவோ மாமாவோ கூட்டிப் போகட்டும். பனைமரத் துண்டை நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டி எரிக்கும்போது எழும் அந்தச் சடசடப்பைக் கேட்காமல் ஒரு பிள்ளை வளரக் கூடாது என்று நினைக்கிறேன். ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குப் படுக்கை.

ஒன்பது மணி என்பதில் நான் கண்டிப்பானவள். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி சொல்கிறது. காலை ஏழரைக்கு வேன் வருகிற வீட்டில் பிள்ளை ஆறுக்கு எழுந்தாக வேண்டும். கணக்கு நேராக ஒன்பதில் வந்து நிற்கிறது.

அதற்கு முன்தினமே வேலையைப் பிரித்துவிட வேண்டும். புது அகல் எண்ணெயை உறிஞ்சாமலிருக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது, எடுத்துக் காயவைப்பது, திரி திரிப்பது எல்லாமே பிள்ளைகள் செய்யக் கூடியவை. என் பேத்தி எட்டு வயதுக்காரி. "அம்மாச்சி, படிக்கட்டு எனக்கு, திண்ணை அண்ணனுக்கு" என்று முதல் நாளே பாகம் பிரித்துவிடுவாள். பிறகு அந்தப் படிக்கட்டில் எந்த விளக்கு அணைந்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பது அவள் பொறுப்பு. பருத்திப் பாவாடைதான் போட வேண்டும், நைலான் துணி வாசலுக்கு வரக் கூடாது, பின்னல் மடித்துக் கட்டியிருக்க வேண்டும், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது. மழை வந்தால் விளக்குகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துக்கொள்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்தானே.

அன்றைக்குச் செய்யப் பலகாரம் ஒன்று போதும். பொரி உருண்டையை இரண்டு நாள் முன்பே பாகு வைத்துப் பிடித்துவிடலாம், கெடாது. அன்றைக்கென்று ஓலைக் கொழுக்கட்டை. குருத்தோலை கிடைத்தால் அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சுக்கு, ஏலம் சேர்த்துப் பிசைந்து வைத்துவிட்டால், ஓலைக்குள் வைத்து அமுக்கிக் கட்டுவதைப் பிள்ளைகளே செய்வார்கள். அதுவே இரவுச் சாப்பாட்டில் பாதி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகைக்கு மறுநாள் காலை முதல் வகுப்பில் தேர்வு வைக்காதீர்கள், அன்று மாலைக்கு வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். "நீ எத்தனை விளக்கு ஏற்றினாய், எந்த விளக்கு முதலில் அணைந்தது, ஏன்?" என்று ஐந்து வரி எழுதி வரச் சொல்லுங்கள். காற்றும் எண்ணெயும் திரியும் பற்றி அந்த ஐந்து வரிக்குள் நிறைய வந்துவிடும்.

இவ்வளவும் அம்மா வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குச் சரி. ராஜபாளையம் நூற்பாலைகளிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளிலும் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனையோ பேர். மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவள் வீடு திரும்ப இரவு பத்தைத் தாண்டும். அவள் பிள்ளை ஏற்றிய விளக்கை அவள் பார்ப்பதே இல்லை. இதற்கு நம் முன்னோர் வழக்கத்திலேயே இடம் இருக்கிறது. பல வீடுகளில் கார்த்திகை விளக்கு ஒரு நாளோடு முடிவதில்லை. அண்ணாமலையார் தீபம் ஒரு நாள், பெருமாள் கோயில்களில் விஷ்ணு தீபம் என்று வேறொரு நாள், குப்பைமேட்டில்கூட விளக்கு வைக்கும் குப்பைக் கார்த்திகை இன்னொரு நாள். தென் மாவட்டங்களில் இந்த மூன்றும் பழக்கம்தான். அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் பெரிய விளக்கு வரிசையை வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, சாமியும் சொல்லாது.

ஆனாலும் முதல் நாள் முதல் நாள்தான். ஆலை நிர்வாகங்கள் கார்த்திகை வாரத்து ஷிப்டுப் பட்டியலைப் போடும்போது, பள்ளிப் பிள்ளைகள் உள்ள தாய்மாரை அந்த ஒரு நாளைக்குக் காலை ஷிப்டுக்கு மாற்றிக் கொடுக்கலாம். காலை ஆறு மணிக்குப் போய் இரண்டுக்குத் திரும்புகிறவளுக்கு ஓலை வாங்கி வரவும் நேரமிருக்கும். கேட்கிறவர்கள் ஒரு வாரம் முன்பே, கூட வேலை பார்ப்பவர்களோடு பேசி வைத்துக்கொண்டு கேளுங்கள். பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும் அன்றைக்கு இரண்டு மணி ஷிப்டை வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா.